பறவை இல்லை, தூசி

"சொந்தமாக யோசிக்கவும்" என்று முடித்திருந்தார்கள். கலைக்கூடத்திலிருந்து வந்த அந்த மின்னஞ்சலில் மற்றதெல்லாம் மரியாதையாகத்தான் இருந்தது. 'நகரமும் நாமும்' என்ற புகைப்படக் கண்காட்சிக்கு நான் அனுப்பிய படம் தேர்வாகவில்லையாம். காரணம், அது ஒரு புகழ்பெற்ற ஓவியத்தைப் பார்த்து அப்படியே எடுத்தது போல இருக்கிறதாம். அந்த ஓவியம் அவர்களுடைய முதல் மாடியிலேயே மாட்டியிருக்கிறதாம். இளம் கலைஞர்கள் பிறரைப் பின்பற்றாமல் சொந்தமாக யோசிக்கவும்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. இளம் கலைஞர் என்றதைக்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் படத்தை நான் எங்கே நின்று எடுத்தேன், எத்தனை நாள் காத்திருந்து எடுத்தேன் என்று எனக்குத் தெரியும். யாரைப் பார்த்துக் காப்பியடித்தேனாம்? உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

என் அக்கா என்னைக் கடுகு என்றுதான் கூப்பிடுவாள். சட்டென்று வெடிப்பேன், அதனால். அன்றைக்கு வெடித்ததில், நான் வேலை செய்யும் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்த ஒருவர் பயந்து கண்ணை மூடிவிட்டார், முதலாளி அவரை இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். முதலாளி படம் எடுப்பார். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்வேன். பரு, தழும்பு, மூக்குக்கண்ணாடியின் பளபளப்பு, பறக்கும் முடி, எல்லாம் என் கையால்தான் மறையும். பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முகம். ஆரம்பத்தில் ஒருவருடைய கன்னத்து மச்சத்தை அழுக்கு என்று நினைத்து எடுத்துவிட்டேன். நாலாம் நாள் அந்த மனிதர் படங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது நான் இல்லையாம், ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. என் மச்சத்தைக் குடும்மா" என்று கேட்டார். திருப்பி வைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு வைராக்கியம். அடுத்தவர் கேட்டால் அவர்கள் படத்தில் எதை வேண்டுமானாலும் எடுப்பேன். என் சொந்தப் படத்தில் மட்டும் ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன்.

புள்ளி என்றால் நிஜமாகவே புள்ளி. என் கேமரா யாரோ பத்து வருடம் அடித்து ஓட்டிவிட்டு விற்றது. உள்ளே படம் பதிகிற தகடு இருக்கிறதே, அதன் மேல் ஒட்டிய கண்ணாடிக்கு அடியில் ஒரு தூசி மாட்டிக்கொண்டிருக்கிறது. ரிப்பேர்க்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைப் பிரிச்சா தூசி போயிடும், கூடவே கேமராவும் போயிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் நான் எதை எடுத்தாலும் வலது பக்கம் மேலே, கடுகளவுக்கு ஒரு சாம்பல் நிறக் கறை விழும். இரண்டு ஓரமும் லேசாக இழுத்துக்கொண்டிருக்கும். பின்னால் வானமோ வெள்ளைச் சுவரோ இருந்தால் பளிச்சென்று தெரியும்.

அக்கா வேலை செய்வது ஸ்டுடியோவுக்கு எதிர்க் கட்டடத்தில், ஒரு சலவைக் கூடத்தில். விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். துவைத்து மொட்டை மாடியில் காயப்போடுவது அவள் பொறுப்பு. எங்கள் மாடிப்படி ஜன்னலில் நின்றால் அவள் காயப்போடுவது தெரியும். பக்கத்தில் இரண்டு உயரமான கட்டடங்கள். அவற்றுக்கு நடுவில் காலை பதினொன்று பத்துக்கு வெயில் நுழைந்து, எட்டு நிமிடம் அந்த மாடியில் நின்றுவிட்டுப் போய்விடும். அதை நான் கண்டுபிடித்தது ஒரு வாடிக்கையாளருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போன வழியில். அதன்பின் ஒவ்வொரு நாளும் பதினொன்று பத்துக்கு எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. முதலாளிக்கு விஷயம் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்.

ஐந்து வாரம் போனது. மேகம், அல்லது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள், அல்லது விரிப்பு முகத்தில் அடிக்கும். ஒரு நாள் கிடைத்தது. நாலு பக்கமும் வெள்ளை விரிப்புகள், ஒரு கை மேலே கொடியைப் பிடித்திருக்கிறது, பல்லிடுக்கில் துணி கிளிப், காலடியில் பிடி உடைந்த நீலக் கூடை, மேலே கொஞ்சம் வானம். என்னைப் பார்த்துவிட்டாள். கிளிப்பைக் கடித்தபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்போடு எடுத்தேன். அதைப் பார்த்தபோதுதான் எனக்கே என்மேல் ஒரு நம்பிக்கை வந்தது, பரு எடுப்பது தவிரவும் எனக்கு ஏதோ தெரியும் என்று. பெரிதாகப் போட்டு என் மேசைக்குப் பின்னால் ஒட்டி வைத்தேன்.

அதைத்தான் போன வருடம் ஒரு ஓவியர் பார்த்தார். பத்திரிகைகளில் படம் வருகிற பெரிய ஓவியர். புது அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்திருந்தார். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது, எடுக்கச் சொன்னார், எடுத்தேன். எழுந்தவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாரு எடுத்தது?"

"நான்தாங்க."

"இதுல உயிர் இருக்கும்மா. எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. பார்த்துக்கிட்டே இருந்தா மனசுக்கு ஒரு தூண்டுதலா இருக்கும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே நல்ல தாளில், இருப்பதிலேயே பெரிய அளவில் போட்டு, சுருட்டி, மழையில் நனையாமல் இருக்க இரண்டு உறை மாட்டிக் கொடுத்தேன். வாசல் வரை போய் வழியனுப்பினேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

மின்னஞ்சல் வந்த மறுநாள் அக்காவுக்கு வார விடுமுறை. இருவரும் கலைக்கூடத்துக்குப் போனோம். முதல் மாடி, நடு மண்டபம். ஆள் உயரத்தைவிடப் பெரிய ஒரு ஓவியம். வெள்ளை விரிப்புகள். கொடியைப் பிடித்த கை. முழங்கை வளைந்த விதம், கீழே கிடக்கும் நீலக் கூடை, கூடையின் உடைந்த பிடி, எல்லாம் இருந்தது. முகம் மட்டும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று தோல் நிறத்தில் ஒரு முட்டை. கீழே பெயர் எழுதியிருந்தார்கள்: 'நகரத்தில் யாரோ ஒருத்தி'.

யாரோ ஒருத்தி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மெல்ல முன்னால் போய் அந்த முட்டைக்கு நேராக நின்று அண்ணாந்து பார்த்தாள். கிட்டப் போனால் உள்ளே எங்காவது முகம் ஒளிந்திருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படம் மறைக்குது" என்றான் காவலாளி. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பின்னால் பத்துப் பேர் நின்றார்கள்.

"மன்னிச்சுக்கப்பா" என்று என் அக்கா தள்ளி நின்றாள். தன் படத்தை மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தள்ளி நின்றாள். எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். ஓவியத்தில் வலது பக்கம் மேலே, வெளிர் வானத்தில், ஒரு பறவை. தனியாக. சாம்பல் நிறம். இரண்டு சிறகும் லேசாக இழுத்துக்கொண்டிருந்தன.

நான் சிரித்த சிரிப்பில் காவலாளி மறுபடியும் கிட்டே வந்தான்.

என் படத்தைப் ப்ரொஜெக்டர் வழியாக ஓவியத் துணிமேல் பெரிதாக விழவைத்து, விழுந்த கோட்டின்மேலேயே கோடு இழுத்திருக்கிறார் மனிதர். இழுத்த வேகத்தில் என் கேமராவின் தூசியையும் விடவில்லை. இது என்ன என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பார். பறவை என்று முடிவு செய்திருப்பார். பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு விமர்சனம் வைத்திருந்தார்கள்: 'அந்தத் தனிப் பறவையில்தான் ஓவியத்தின் ஆன்மா இருக்கிறது.'

ஞாயிறு மாலை அதே மண்டபத்தில் ஓவியர் பேசுகிறார் என்று அறிவிப்பு இருந்தது. தலைப்பு, 'தூண்டுதல் எங்கிருந்து வருகிறது'. நான் சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஸ்டுடியோவிலேயே இருந்து பழைய படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் போட்டேன். எதையும் சுத்தம் செய்யவில்லை. முதலாளி தாளை எடுத்துத் தந்துவிட்டு, "நான் எதையும் பார்க்கலை" என்றார்.

ஞாயிறன்று எண்பது பேர் இருப்பார்கள். நானும் அக்காவும் நாலாவது வரிசை. அக்கா வெளுத்து மடித்த புடவை கட்டியிருந்தாள். ஓவியர் ஓவியத்துக்கு முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார்.

"நான் தினமும் இந்த நகரத்துல நடக்கிறேன். கால் போன போக்குல. நகரம்தான் எனக்குக் குடுக்குது. ஒரு நாள் காலையில இந்தப் பொண்ணைப் பார்த்தேன். ஒரு கணம்தான். முகம் ஞாபகம் இல்ல. சொல்லப்போனா, முகம் தேவையே படல. அவங்கள மாதிரி ஆயிரம் பேர் இருக்காங்க இல்லையா?"

கால் போன போக்கில் நடக்கிறாராம். ஸ்டுடியோ வாசலில் கார் நிறுத்த இடமில்லை என்று எங்கள் முதலாளியிடம் சண்டை போட்ட மனிதர்.

அக்கா என் காதருகே குனிந்தாள். "ஞாபகம் இல்லாம எப்படிடி கூடைப் பிடி உடைஞ்சது மட்டும் ஞாபகம் இருக்கு?"

கேள்வி நேரம் வந்தது. முன்வரிசையில் ஒரு பெண் பறவையைப் பற்றிக் கேட்டார். அந்தப் பறவையைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டதாம். ஓவியர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பறவை நான்தான்" என்றார்.

கைதட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். பன்னிரண்டு படங்களும் இருந்த உறையை அக்கா மடியில் வைத்தேன்.

"அது பறவை இல்லைங்க. தூசி."

"என்னம்மா?"

"என் கேமராவுல இருக்கிற தூசிங்க. நான் எடுத்த எல்லாப் படத்துலயும் அதே இடத்துல விழும். கண்ணுக்குக் கீழ பை எடுக்க வந்தப்ப நான் உங்களுக்கு ஒரு படம் போட்டுக் குடுத்தேன், ஞாபகம் இருக்குங்களா? அதுவும் மறந்துடுச்சுங்களா?"

அதற்குள் அக்கா உறையைப் பிரித்து வரிசை வரிசையாகப் படங்களைக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். விரிப்புகளைக் கொடியில் போட்டுப் பழகிய கை, ஒரு நிமிடத்தில் பன்னிரண்டும் மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. பேருந்து நிறுத்தத்துக்கு மேலே வானம், வலது பக்கம் ஒரு புள்ளி. ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர், அதே புள்ளி. மழை நாள், பாலம், புள்ளி. அக்கா மகள் தொட்டிலில் தூங்குகிறாள், மேலே வீட்டுக் கூரை, அங்கேயும் புள்ளி.

"ஐயோ, வீட்டுக்குள்ளயும் பறக்குது!" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், சிரிப்பு பின்வரிசையிலிருந்து கிளம்பி முன்னால் வந்தது. அழுகை வந்ததாகச் சொன்ன பெண் தன் கையிலிருந்த படத்தையும் ஓவியத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. ஏமாந்தவர் முகம் அது. அவரை நினைத்தால்தான் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

ஓவியர் அசரவில்லை. "தூண்டுதல்ங்கறது காத்து மாதிரிம்மா. அது யாருக்கும் சொந்தம் இல்ல" என்றார்.

"காத்து யாருக்கும் சொந்தமில்லைதாங்க. தூசி என்னோடது" என்றேன்.

கலைக்கூடத்தின் நிர்வாகி அம்மா ஓடி வந்து, எங்களையும் ஓவியரையும் தன் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். எனக்கு 'சொந்தமாக யோசிக்கவும்' என்று எழுதியவர் அவர்தான். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், தவறு நடந்துவிட்டது என்றார். என் புகைப்படத்தை ஓவியத்துக்குப் பக்கத்திலேயே, என் பெயரோடு மாட்டுகிறார்களாம். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. பொய் சொல்வானேன், சந்தோஷம்கூட வந்தது. பதினோரு வருடத்தில் என் பெயர் ஒரு படத்துக்குக் கீழே வந்ததில்லை.

"ஒரே ஒரு சின்ன விஷயம்" என்றார் நிர்வாகி அம்மா. "அந்தப் புள்ளியை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்போது பார்க்கிறவங்க... உங்களுக்கே புரியும். உங்க வேலையே அதுதானே? அரை நிமிஷம் ஆகுமா?"

அரை நிமிடம் ஆகாது. மூன்று விநாடி போதும். என் விரலுக்கு அது தூக்கத்தில்கூட வரும். நான் மூன்று விநாடி வேலை செய்தால் என் படம் அந்தச் சுவரில் இருக்கும், அவருடைய பறவையும் வானத்தில் இருக்கும், எல்லாரும் நல்லவர்கள். ஓவியர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. மண்டபத்தில் அத்தனை பேருக்கு முன்னால் பட்டும் மனிதர் இன்னும் என் வாயிலிருந்து ஒரு 'சரிங்க' வருவதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

அக்காவைப் பார்த்தேன். கைப்பையிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். வேலை இல்லாதபோதும் அவள் கை சும்மா இருக்காது.

"மாட்டுறதா இருந்தா அப்படியே மாட்டுங்க" என்றேன். "புள்ளி உறுத்துச்சுன்னா, அவர் பறவையை எடுக்கட்டும். அப்புறம், எங்க அக்கா மூஞ்சியை அவர் போடணும். இவங்கதான் அந்த யாரோ ஒருத்தி. நல்லா பார்த்துக்கச் சொல்லுங்க, அப்புறம் ஞாபகம் இல்லேன்னு சொல்லிடப் போறாரு."

ஓவியர் அப்போதுதான் திரும்பினார். "முகம் வந்தா படமே போயிடும்மா. அது கலை. உங்களுக்குப் புரியாது" என்றார்.

என் அக்கா கிளிப்பை மூடினாள். "எனக்கு மூஞ்சி இருக்கிறது உங்களுக்கு இடைஞ்சலாங்க?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்று நிர்வாகி அம்மா கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து நிர்வாகி அம்மாவே போன் செய்தார். படம் மாட்டியாயிற்று, வந்து பாருங்கள் என்றார். என் கேமராவையும் எடுத்துக்கொண்டு போனோம்.

மாட்டித்தான் இருந்தார்கள். தூணை ஒட்டி, ஒரு புத்தக அளவில். ஆனால் என் பெயர் இருந்தது, எழுத்துப் பிழை இல்லாமல். படத்தில் அக்கா கிளிப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மேலே புள்ளி இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓவியத்தின் பக்கம் திரும்பினேன்.

பறவை இல்லை.

பறவை இருந்த இடத்தில் வானம் கொஞ்சம் புதுசாக இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒட்டு. நிறம் சேரவில்லை, ஓரம் தேய்க்கவில்லை. இந்த வேலையை எங்கள் ஸ்டுடியோவில் செய்திருந்தால் முதலாளி திருப்பி உட்கார வைத்திருப்பார். கண்ணாடிப் பெட்டியிலிருந்த விமர்சனத்தையும் காணோம். ஓவியத்தின் ஆன்மாவை இரண்டே வாரத்தில் பெயிண்ட் அடித்து மூடிவிட்டார்கள்.

முட்டை மட்டும் அப்படியே இருந்தது.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். மேலே அந்த ஒட்டை, கீழே அந்த முட்டையை, மறுபடியும் மேலே.

"ஏணி போட்டு ஏறியிருக்காரு" என்றாள். "பெயிண்ட் கலக்கியிருக்காரு. பிரஷ் கையிலதான இருந்துச்சு கடுகு? அப்படியே இறங்கி வர்றப்ப என் மூஞ்சியையும் போட்டிருக்கலாம்ல?"

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. இவர் திருத்தக்கூடியவர்தான். தன் மானம் போகிறது என்றால் ஏணி போட்டு ஏறித் திருத்துவார். இவளுக்காக ஒரு கோடு இழுக்கமாட்டார்.

"போ" என்றேன். "போய் முன்னால நில்லு."

"திட்டுவாங்கடி."

"திட்டட்டும். நில்லு."

போய் நின்றாள். இடது பக்கம் கொஞ்சம் வா என்றேன், ஒரு அடி பின்னால் போ என்றேன், கை தூக்கு என்றேன். நான் பின்னால் நகர்ந்து, ஓவியத்தின் நாலு ஓரமும் கேமராவின் நாலு ஓரத்தோடு பொருந்தும்வரை நகர்ந்து நின்றேன். அவள் தலை முட்டையை முழுசாக மூடியது. அவள் கை அந்தக் கையின்மேல் விழுந்தது. நான் சொல்லாமலே கைப்பையிலிருந்து கிளிப்பை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, தள்ளி நில்லுங்க, படம் மறைக்குது" என்று அதே காவலாளி வந்தான்.

அக்கா கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "இருப்பா தம்பி. அவர் விட்டுட்டுப் போனதை வெச்சுட்டு வந்துடுறேன்" என்றாள். திரும்பவும் கடித்துக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். தூண் பக்கம் திரும்பி என் படத்தைப் பார்த்தான். பின்னால் வந்தவர்களைக் கை நீட்டி நிறுத்தி வைத்தான்.

எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தோம். விரிப்புகளுக்கு நடுவில் அக்கா, முகத்தோடு. வலது பக்கம் மேலே, அவர் பெயிண்ட் அடித்து மூடிய இடத்தில் மிகச் சரியாக, என் தூசி.